டெல்பர்ட்டுக்குக் கட்டிய குளியலறை

இந்தக் காஸா கிராண்டே ஊரில் பாதிப் பேர் வெர்னா ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்ப் படித்தவர்கள். என் மகளும் அதில்தான் போனாள். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும். ரயில் பாதை வந்தால் நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பாள். பள்ளிப் பேருந்துக்கு அது சட்டம், சரி. ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காரிலும் அப்படியே நிறுத்திக் கண்ணாடியை இறக்குவாளே, அதற்கு எந்தச் சட்டம்? பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கி மானத்தை வாங்குவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கொன்னிக்குத்தான், எனக்குத்தான், கூச்சம் பிடுங்கித் தின்னும்.

“அடியே, ரயில் கேட்டு திறந்துதான கெடக்கு, போடி.”

“கேட்டு ரிப்பேரா இருந்தா என்ன பண்ணுவ, கொன்னி?”

இவளோடு பேசி ஜெயிக்க முடியாது. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். இத்தனை வருஷமும் அந்த வேலி வழியாக நான் சோளமாவில் அவித்த தமாலே கொடுத்திருக்கிறேன், அவள் எலுமிச்சை கொடுத்திருக்கிறாள், இருவரும் சண்டையும் போட்டிருக்கிறோம்.

அவள் கணவன் டெல்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். சக்கர நாற்காலி நேராக உள்ளே போகிற மாதிரி, வாசற்படித் தடுப்பு இல்லாத குளியலறை வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தடையாக இருந்தது அது ஒன்றுதான். டெல்பர்ட்டுக்கு அந்த இடம் அறவே பிடிக்கவில்லை. வாய் கோணிப் போயிருந்தாலும் தினமும் சாயங்காலம் அவளிடம் ஒரே கேள்வி கேட்பான்.

“எப்போ, தங்கம்?”

“குளிக்கிற ரூம் முடியட்டும்ப்பா.”

என் கொழுந்தன் சூயி டைல் வேலை செய்கிறவன். கை சுத்தம், லைசென்ஸ் மட்டும் கிடையாது. அவனை வைத்துக்கொள் என்று முட்டிக்கொண்டேன். கேட்டாளா? மாநில லைசென்ஸ் வாரியத்தின் பட்டியலில் தேடி, ஒரு புகார்கூட இல்லாத டுவேன் என்ற ஒப்பந்தக்காரரைப் பிடித்தாள். ஆள் பளபளவென்று வந்தார். வேலையும் பளபளவென்றுதான் இருந்தது, தண்ணீரைத் திறக்கும் வரை.

தரைக்கு வாட்டம் தப்பு. தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் திரும்பிப் படுக்கையறைக்குள் நடந்தது. கம்பளம் ஊறி, சுவரின் அடிப்பாகம் ஊதிப்போனது. டுவேனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு வழியாக எடுத்தவர், “தரை செட்டாக டைம் ஆகும் மேடம்” என்றார். அட பாவி, தரை செட்டானால் தண்ணீர் மனசு மாறிவிடுமா?

வெர்னா வாரியத்தில் புகார் கொடுத்தாள். இபாரா என்ற ஆய்வாளர் அம்மாள் வந்தார். டுவேனும் கூடவே நிற்க வேண்டும், அதுதான் வழக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னையும் வெர்னா துணைக்குக் கூப்பிட்டாள். இபாரா ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். நான்கு பேரும் அது படுக்கையறைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உத்தரவு வந்தது. டுவேனே திரும்ப வந்து சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் லைசென்ஸ் மேல் நடவடிக்கை. அதுவரை வேறு யாரும் அந்தத் தரையைத் தொடக் கூடாது. கெடுத்தவனுக்கே கதவைத் திறந்துவிட வேண்டும், என்ன நியாயமோ!

டுவேன் அவகாசம் கேட்டார். டைல் வரவில்லை என்றார். பிறகு வேலையாளுக்கு முதுகுப் பிடிப்பு என்றார். ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்தார், ஒவ்வொன்றும் விதிப்படிதான் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. டெல்பர்ட் மெலிந்துகொண்டே போனான். எனக்குப் பொறுக்கவில்லை.

“சூயி ரெண்டே நாள்ல ஒடச்சுப் போட்டுத் தந்துருவாண்டி. மனுசன வீட்டுக்குக் கூட்டிட்டு வா. கேஸ் நாசமாப் போகட்டும்!”

“வேற கை பட்டா கேஸ் நிக்காது, கொன்னி. அப்புறம் இந்தாளு பேரு சுத்தமாவே இருக்கும். என்ன மாதிரி இன்னொருத்தி பட்டியலப் பாத்து நம்பிக் கூப்பிடுவா.”

“ஊருக்கெல்லாம் நீதான் டிரைவரா? பஸ்ஸ விட்டு எறங்கி எத்தன வருசமாச்சு!”

அவள் உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதும் தப்பில்லை, அதுதான் என் எரிச்சல்.

ஆகஸ்டில் டெல்பர்ட்டுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அங்கேயே போய்விட்டான். கடைசி சாயங்காலமும் “எப்போ, தங்கம்?” என்று கேட்டானாம். இதை வெர்னா என்னிடம் பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். அடக்கத்தன்று அழவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாட்டைக் குளிர்பெட்டியில் அடுக்கினாள், காலிப் பாத்திரங்களைக் கழுவி யாருடையது எது என்று சரியாகத் திருப்பிக் கொடுத்தாள். நான்தான் சமையலறையில் நின்று ஊளையிட்டு அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கெடு முடியப்போகிற நேரத்தில் டுவேன் வந்தார். லைசென்ஸ் போய்விடும் என்றால் டைலும் வரும், முதுகும் சரியாகும். கதவைத் திறக்காதே என்று வேலிக்கு இப்பாலிருந்து கத்தினேன். திறந்தாள். காப்பி வேண்டுமா என்றும் கேட்டாள்.

இந்தத் தடவை வேலை அருமை. குறை சொல்ல இடமில்லை, அதுவே எனக்கு வயிற்றெரிச்சல். இபாரா அம்மாள் மறுபடி வந்தார், நானும் உள்ளே போய் நின்றேன். வாளித் தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிகாலுக்குள் போனது.

“சீட்டு மட்டும் பாக்கி” என்றார் டுவேன். குளிக்கும்போது உட்கார மடக்கு இருக்கை, அது ஒப்பந்தத்தில் இருந்தது. “சார வரச் சொல்லுங்க மேடம். ஒக்காந்து பாத்தா அவருக்குத் தோதா உயரம் வச்சுத் திருகிருவேன்.”

அந்த ஆளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. என் வாய் திறந்தது, வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என் முட்டிக்கு ஒரு விரக்கட மேல வைங்க” என்றாள். “அவருக்கு அதுதான் அளவு.”

டுவேன் மண்டியிட்டு அவள் முட்டியருகே பென்சிலால் கோடு போட்டுத் திருகினார். இபாரா கேட்டார், “வேற எதாவது குறை இருக்கா மேடம்?”

“இல்ல.”

புகார் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டாள். டுவேனின் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தொப்பியைத் தொட்டு, “சார் நல்லாக் குளிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்கள் தெருமுனையைத் தாண்டியதும் நான் வெடித்தேன். “மனுசன் போயிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்னடி? அந்தாளு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்க வேணாமா?”

“அவங்க தண்ணியப் பத்தித்தான கேட்டாங்க, கொன்னி. தண்ணி சரியாத்தான போச்சு.”

பால் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகலாம் என்றாள். கடை இந்தப் பக்கம். அவள் காரை ரயில் பாதைப் பக்கம் திருப்பினாள், பராமரிப்பு இல்லத்துக்குத் தினமும் போன பாதையில். கை தானாகப் போகிறது என்று நினைத்து நான் சும்மா இருந்தேன். பாதை வந்ததும் வழக்கம்போல நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். வெயில் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான், மறுபடியும் அமுக்கினான்.

“ரயில் வரல, வெர்னா. போ.”

அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“எங்கடி போறது?” என்றாள்.