கதவைப் பார்த்திருக்கும் சிலிப்பர்

என் கட்டிலுக்கு அருகே, நான் படுக்கும் பக்கத்தில், ஒரு ஜோடி சிலிப்பர் கிடக்கிறது. கிடக்கிறது என்று சொல்வது தப்பு, வைத்திருக்கிறேன். இரண்டும் ஒட்டி, முன்பக்கம் அறைக் கதவைப் பார்த்தபடி, எழுந்து உட்கார்ந்தால் கால் தானாக உள்ளே நுழைகிற தூரத்தில். கிள்ளானிலிருந்து வரும் மகள் அதைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள். "அப்பா, யாராச்சும் செருப்ப ரூமுக்குள்ள வைப்பாங்களா?" என்று விரல் நுனியில் தூக்கிப் போய் வாசலில் போட்டுவிடுவாள். அவள் ஓட்டி வந்த காடி முச்சந்தியைத் தாண்டியதும் நான் போய் எடுத்து வந்து, அடியைத் துடைத்து, அதே இடத்தில் வைப்பேன். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. சொல்வதென்றால் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த உர ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோரில் திருட்டு நடந்தது மகளுக்குத் தெரியும். என் வெறுங்காலைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

சபாக் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் இரவு ஜாகா. காவலாள் என்று சொல்லலாம், ஆனால் அப்படிக் கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு காவலாளும் திரும்பிப் பார்க்கமாட்டான். கேபிள் திருட வந்தவர்கள் என் கையைக் கட்டினார்கள். நான் ஓடிப்போய் யாரையும் கூப்பிடக் கூடாதென்று ஒருவன் என் சப்பாத்தைக் கழற்றி வாய்க்காலில் வீசினான். பிறகு என்னை ஸ்டோருக்குள் தள்ளி இரும்புக் கதவை இழுத்துவிட்டார்கள். அடி அதிகமில்லை. விடிந்து, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வந்து திறக்கும்வரை, உர மூட்டைகளின் நெடியில், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். உயிர் தப்பியதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வீட்டுக்கு வந்து படுத்ததும் என் மனைவி அறைக் கதவைச் சாத்தும்வரை.

சாத்திய கதவுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடும், முதுகு நனைந்துவிடும். கதவைத் திறந்தால் அவளால் தூங்க முடியவில்லை. திருடர்கள் கட்டிப்போட்ட ஆளின் பெண்டாட்டி அல்லவா, அவளுக்குப் பூட்டு வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பயத்துக்கும் இடமில்லை. கடைசியில் வீட்டு முன்னால் காடி நிறுத்துகிற இடத்தில் கேன்வாஸ் கட்டிலைப் போட்டுக்கொண்டு, கொசுவத்திச் சுருளைக் கொளுத்திக்கொண்டு, சிலிப்பரைக் கழற்றாமலே படுத்தேன். "சம்பளம் இல்லாத ஜாகா" என்று அவள் கிண்டல் செய்தாள். நாள் போகப் போக கிண்டல் நின்றுவிட்டது. ஒருநாள் காலையில் காப்பியை நீட்டியவள் கையை எடுக்காமலே கேட்டாள்: "நீங்க உசுரோட இருக்கறப்பவே நான் ஏங்க தனியா படுக்கணும்?" என் வீட்டில், கதவு சாத்திய அறையில், அவளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருவர், படபடப்பு, வியர்வை, பூனை குதித்தாலும் நான் துள்ளி விழுவது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது நரம்பு சம்பந்தப்பட்டதுங்க ஐயா" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் காலத்தில் நரம்பு என்றாலே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நரம்புத் தளர்ச்சிக்கு வரும் லேகிய விளம்பரம்தான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, "அந்த வயசெல்லாம் தாண்டிடுச்சி டாக்டர்" என்றாள். பாவம், அவருக்குப் புரியவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, நடையின் கோடியிலிருந்த ஓர் அறையையும் காட்டினார். டீச்சரை அங்கேதான் முதலில் பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவர். சனிக்கிழமை காலையில் எங்கள் தாமான் குடியிருப்பு அம்மன் கோயிலின் பக்கத்து மண்டபத்தில், பயந்து போனவர்களுக்கென்று தன் சொந்த நேரத்தில் யோகா நடத்தினார். அதனால் எல்லாருக்கும் டீச்சர் ஆகிவிட்டார். யோகா செய்ய நான் என்ன சாமியாரா என்று முறுக்கிக்கொண்டேன். மனைவி என்னை மண்டப வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டாள்.

வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. என் சிலிப்பரைக் கழற்ற முடியவில்லை. கால்விரல்கள் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் வரும். திரும்பிவிடலாம் என்று நின்றபோது டீச்சர் வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. என் காலைப் பார்த்தார். "செருப்போட வாங்கண்ணே. பாய்க்குப் பக்கத்துலயே வச்சிக்குங்க. எப்ப வேணும்னாலும் மாட்டிக்கிட்டுப் போயிடலாம்." உள்ளே உட்கார்ந்திருந்த, நாசி லெமாக் சோறு விற்கிற அக்கா ஒருத்தி கையை உதறினாள். "டீச்சர், இது கோயில் மண்டபம் லா. செருப்பு உள்ள வரலாமா?" டீச்சர் வெளியே போய்த் தன் செருப்பையும் எடுத்து வந்தார். ஈரத் துணியால் அடியைத் துடைத்தார். தன் பாய்க்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி வைத்தார். "தொடச்சாச்சிக்கா. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். எனக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியலில் பெரட்டுக்கு வரிசையாக நின்று, வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிட, கையைத் தூக்கிவிட்டு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். பாய்களை ஒரே நேர்கோட்டில் போட்டுவிட்டு அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தோம். டீச்சரோ உத்தரவே போடமாட்டார். எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு 'வேணும்னா' வரும். வேணும்னா கண்ண மூடுங்க, இல்லாட்டி திறந்தே இருக்கட்டும். வேணும்னா கைய தூக்குங்க, இல்லாட்டி மடியில வச்சிக்குங்க. எங்களுக்கு அது விளங்கவில்லை. வேணும்னா என்றாலும் டீச்சர் சொல்லிவிட்டாரே என்று எல்லாவற்றையும் செய்தோம். "வேணும்னா கொட்டாவி விடுங்க" என்று ஒருநாள் சொன்னார். மண்டபமே வாயைப் பிளந்தது. டீச்சர் சிரித்த அபூர்வமான நாள்களில் அது ஒன்று. எனக்கு எது வேணும், எது வேண்டாம் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டபோது எனக்கே தெரியவில்லை.

பெரிய வித்தை எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. தலைகீழாக நிற்பது, காலை முறுக்குவது எதுவும் இல்லை. பாதம் தரையில் படுகிற இடத்தைக் கவனிக்கச் சொல்வார். கழுத்தை மெதுவாகத் திருப்பி மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்வார்: மின்விசிறி, மணி, சுவரில் ஒட்டிய பல்லி. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்வார். யார் முதுகிலும் கை வைக்கமாட்டார். பின்னால் வந்து நிற்கவும் மாட்டார். ஒருநாள் பொறுக்காமல், "மூச்சு விட்டா திருடன் போயிடுவானா டீச்சர்?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "திருடன் எப்பவோ போயிட்டான் அண்ணே. உங்க உடம்புதான் இன்னும் அந்த ஸ்டோர்ல ஜாகா பாத்துக்கிட்டு நிக்குது. ஷிப்ட் முடிஞ்சிடுச்சின்னு அதுக்கு யாரும் சொல்லல. நாமதான் சொல்லணும், கொஞ்சம் கொஞ்சமா." அந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. மாற்று ஆள் வராத ஷிப்ட் எப்படி இருக்கும் என்று ஜாகாவுக்குத் தெரியாதா?

வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டு கூட்டமாகக் கிளம்புவார்கள். டீச்சர் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள கடையில் தனியாகச் சாப்பிடுவார். எப்போதும் கோடி மேசை. முதுகு சுவரில், முகம் வாசலில். அந்த மேசையில் ஆள் இருந்தால் நின்றுகொண்டே காத்திருப்பார், வேறு மேசையில் உட்காரமாட்டார். பார்ப்பதுதானே என் தொழில், பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை தனியாகச் சாப்பிடும் பழக்கம் என்று விட்டுவிட்டேன். கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருந்தார். குடும்பத்தைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் பேசியதில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்றில் மண்டபத்தின் பழைய இரும்பு ஷட்டர் கொக்கி கழன்று தடதடவென்று கீழே விழுந்தது. கரண்டும் போயிற்று. நாசி லெமாக் அக்கா ஆத்தாவைக் கூப்பிட்டு அலறினாள். எனக்கு உர நெடி மூக்கில் ஏறியது. ஆனால் கை பக்கத்தில் துழாவியபோது சிலிப்பர் இருந்தது. மாட்டினேன். காலில் அது ஏறியதும் கால் நடந்தது. ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். வெளிச்சம் உள்ளே வந்ததும் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். செருப்பை மாட்டியிருந்தார், வலது காலில் இடது, இடது காலில் வலது. முகத்தில் இரத்தமே இல்லை. கண் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ, எப்போதோ நடந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

கிட்டே போகவில்லை, தொடவில்லை. அவரிடம் கற்றதுதான். தள்ளி நின்று, "டீச்சர், கதவு திறந்தாச்சி. வேணும்னா வெளிய போய் நில்லுங்க. நான் ஷட்டர புடிச்சிக்கிறேன்" என்றேன். அவர் நடந்து போய்ச் சாரலில் நின்றார். நனைந்தார். மழை குறைந்து அவர் மூச்சு சீராகும்வரை நான் ஷட்டரைத் தோளில் தாங்கியபடி நின்றேன். உள்ளே வரும்போது, "தேங்ஸ் அண்ணே" என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்ன நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவரும் என்னை ஏன் என்று கேட்டதில்லையே.

வீட்டுக்கு வந்ததும் உடம்பு மண் மூட்டை மாதிரி கனத்தது. ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று நினைக்காமலே அறைக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தேன். மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். செருப்புக் காலோடு ஓரடி உள்ளே வைத்தால் வீட்டைக் கழுவிவிடச் சொல்லுகிற ஆள் அவள். போய் என் சிலிப்பரை எடுத்து வந்தாள். டீச்சர் செருப்பு வைப்பதைப் பற்றி நான் சொன்னதெல்லாம் காதில் வாங்கியிருக்கிறாள் போல. கட்டிலுக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி வைத்தாள். "சாத்தட்டுமா?" என்றாள். "வேணும்னா சாத்து" என்றேன். சாத்திவிட்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்தியிருந்தது, நான் தூங்கிப்போனேன்.

அதன்பின் டீச்சருக்குக் கோலா குபு பாருவுக்கு மாற்றல் வந்தது. அவர் போனதும் வகுப்பு நின்றுவிட்டது. இப்போது அந்த மண்டபத்தில் பிறந்தநாள் விருந்துகள் நடக்கின்றன. நானும் மனைவியும் ஒரே அறையில் படுத்துத் தூங்கிய காலம் நான் ஆசைப்பட்ட அளவு நீளவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். நாங்கள் அதற்குப் பழகிக்கொள்வதற்குள் அவள் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கோர் உத்தரவு போட்டார்கள். அழுதுடுங்க, அடக்கி வைக்காதீங்க. ஆம்பள அழக் கூடாது. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு மகளோட போயிடுங்க. எல்லாருக்கும் தலையாட்டினேன். கருமக்கிரியைக்கு முந்தின நாள் மதியம் டீச்சர் வந்தார். தலை நரைத்திருந்தது. வீட்டு முன்னால் கிடந்த பழைய கேன்வாஸ் கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "வேணும்னா அழுங்கண்ணே. வேண்டாம்னா சும்மா இருங்க. நான் இங்கதான் இருக்கேன்." அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. வாய்விட்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமானபோதுதான் செருப்பை மாட்டினார்.

இப்போது அறைக் கதவை நான்தான் சாத்துகிறேன். பயம் இல்லை, அதற்காக அவள் இல்லாத வீடு சின்னதாகிவிடவில்லை. போன மாதம் அலமாரிக்கு அடியில் மனைவியின் சிலிப்பர் அகப்பட்டது, நீல வார், கட்டைவிரல் படுகிற இடம் குழிந்தது. துடைத்துக் கட்டிலின் அவள் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது வெளியே பார்க்கிறது. அவளுடையதைக் கட்டிலைப் பார்க்க வைத்தேன், உள்ளே வந்து கழற்றிவிட்டுப் படுத்தவளுடையது போல. போன வாரம் மகள் வந்தாள். வழக்கம்போல முகத்தைச் சுளித்து என் சிலிப்பரை வாசலில் போட்டுவிட்டு, துடைப்பத்தோடு கட்டிலின் அந்தப் பக்கம் போனாள். பெருக்கும் சத்தம் நின்றது. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து வெளியே போனாள், வாசலில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. என் சிலிப்பரைக் கழுவித் தன் சட்டை நுனியாலேயே துடைத்து எடுத்து வந்தாள். நேரே அறைக்குள் போனாள். அவள் கிளம்பிப் போனபின் உள்ளே போய்ப் பார்த்தேன். என் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி, கால் எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தாள்.