எதிர் டீம் தோடும் என் மடியில்தான்

பெண் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போகும் ஆயாவுக்கு ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாமே பொறுப்பு. பி.டி. சார் ஆம்பளை, அதனால் கூட ஒரு பொம்பளை போயே ஆகவேண்டும் என்பது உத்தரவு. டீச்சர்களுக்கு வீட்டில் கைக்குழந்தை, திருத்த வேண்டிய பேப்பர், மாமியார் உடம்பு. கடைசியில் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு பஸ் ஏறுவது நாம்தான். தண்ணீர்க் கேனைத் தூக்கி, வாந்தி எடுத்தவளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, பாத்ரூம் வாசலில் காவல் நின்ற ஆயாமார்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவள். நெரவியிலிருந்து காரைக்காலுக்கு தினமும் பஸ்ஸில் வந்து ஓர் அரசுப் பள்ளியில் ஆயாவாக இருக்கிறேன். மகன் திருப்பூரில், மகள் கல்யாணமாகித் திருமருகலில். கோபம் என் சுபாவம் இல்லை. விடியக்காலையில் விளக்கேற்றும்போதே, "இன்னைக்கு யார் மேலயும் கோபம் வரக் கூடாது தாயே" என்று அம்பகரத்தூர் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். கபடி சீசன் வந்துவிட்டால் அந்த வேண்டுதல் முதல் விசில் வரைகூட நிற்பதில்லை.

வேட்டித் துணி

கபடியில் தோடு, மூக்குத்தி, கொலுசு எதுவும் போட்டு ஆடக் கூடாது. நகத்தைக்கூட நடுவர் பார்ப்பார். பிள்ளைகள் கழற்றியதை எல்லாம் வாங்கி வைப்பது ஆயா. என்னிடம் ஒரு பழைய வேட்டித் துணி இருக்கிறது. ஒவ்வொருத்தி பொருளையும் அதில் தனித்தனியாக முடிந்து, ஆட்டம் முடிகிறவரை மடியிலேயே வைத்திருப்பேன்.

மதி எட்டாவது படிக்கும்போது டீமுக்கு வந்தாள். கடலோரத்துக் குப்பத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா செல்வி தெருத்தெருவாக மீன் விற்கிறவள். 'கபடி கபடி' என்று பாடிப் போனால் பிடிக்க ஆள் கிடையாது. எதிர்ப் பக்கம் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நமக்குத்தான் மூச்சு முட்டும். முதல் ஆட்டத்தன்று தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். கையை எடுக்கவே இல்லை. "ஆயாம்மா, இது தொலைஞ்சா எங்கம்மா என்னையத் தொலைச்சுடும். நீங்க கீழ மட்டும் வைக்கக் கூடாது."

ஓரமாக விளையாடுங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் மைதானம் பெரிது. அடுத்த சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனியார் பள்ளிக்கூடம். மாடிக்கு மேல் மாடி, லிஃப்ட், மீன் தொட்டி எல்லாம் உண்டு. கால் வைத்து ஓட ஒரு சாண் மண் கிடையாது. அதனால் மேலிடத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் பிள்ளைகள் பயிற்சிக்கு எங்கள் மைதானத்துக்கு வருவார்கள்.

வரட்டும், பிள்ளைகள்தானே. குடிக்கத் தண்ணீர்கூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் காலையில் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துக் கோடு போட்டு வைப்பது எங்கள் பிள்ளைகள். சாயங்காலம் அந்தக் கோட்டுக்குள் அவர்கள். எங்கள் பிள்ளைகள் வேப்பமரத்து வேருக்குப் பக்கத்தில். ஒருநாள் எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் சத்தமாகப் பாடிவிட்டார்கள். அவர்கள் கோச் கழுத்து விசிலைச் சுழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். "கொஞ்சம் ஓரமா விளையாடச் சொல்லுங்கம்மா, எங்க ப்ராக்டிஸ் டிஸ்டர்ப் ஆகுது."

வெறுங்கால்

அந்த வருஷம் முதல் முறையாக ஆட்டத்தை மேட் மேல் வைத்தார்கள். மண்ணில் ஆடிய கால், அந்த ரப்பர் விரிப்பில் தேய்ந்தால் தோல் உரிந்துவிடும். அதற்கென்று தனி ஷூ இருக்கிறதாம். கண்ணாடிக் கதவுப் பிள்ளைகள் எல்லார் காலிலும் வெள்ளை ஷூ, முட்டி வரை சாக்ஸ். எங்கள் பிள்ளைகள் வெறுங்கால். பி.டி. சார் எழுதிக் கேட்ட ஷூ வந்தது. போட்டி முடிந்த பிறகு வந்தது.

ஆனால் அன்றைக்கு ஜெயித்தது எங்கள் பிள்ளைகள். மதி ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். ஆட்டம் முடிந்ததும் அவள் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில், தோற்ற டீமில் ஆடிய ஒரு பிள்ளையின் அம்மா, நல்ல பட்டுப்புடவை, என் தோளைத் தொட்டு அன்பாகத்தான் சொன்னார். "விடுங்கம்மா, உங்க பிள்ளைங்களுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?"

வீடு தேடி வந்தவர்கள்

பரீட்சை முடிந்த வாரம் செல்வி மீன் கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். கூடையை இறக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்காரர்கள் காரில் வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். மதி அவர்கள் பள்ளிக்கு வந்தால் ஃபீஸ் கிடையாது, ஷூ, யூனிபார்ம், வாசலுக்கு வேன், தினமும் பாலும் முட்டையும். "நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள். மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் இல்லை. நானும் பிள்ளை பெற்றவள்தானே, எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது?

அனுப்பு என்றுதான் சொன்னேன். பிள்ளை இங்கிலீஷ் பேசட்டும், நாலு இடம் போகட்டும். அப்புறம்தான் ஞாபகம் வந்து, "சின்னவளையும் சேர்த்துக்கச் சொல்றதுதானே?" என்று கேட்டேன். சின்னவள், மதியின் தங்கை, வகுப்பில் முதல் மார்க் எடுக்கிற பிள்ளை. செல்வி கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். "கேட்டேன்க்கா. நல்லாப் படிக்கும்னு சொன்னேன். படிக்கிற பிள்ளைங்க எங்ககிட்டயே நிறைய இருக்குன்னுட்டாங்க."

கூட்டத்தில் ஊற்றிய டீ

அடுத்த போட்டிக்கு முன்னால் எல்லாப் பள்ளி பி.டி. சார்களும் எங்கள் பள்ளியில் கூடினார்கள். டீ ஊற்றுகிற வேலை எனக்கு. எங்கள் சார் எழுந்து, "நாங்க மண்ணுல போட்டு வளர்க்கிற பிள்ளையை நீங்க வந்து பறிச்சுட்டுப் போறது விளையாட்டா?" என்று கேட்டார். அரசுப் பள்ளிக்குத் தனிப் போட்டி, தனியாருக்குத் தனிப் போட்டி வைக்கச் சொன்னார் இன்னொருவர். கண்ணாடிக் கதவு கோச் சிரித்துக்கொண்டே, "திறமைக்கு கவர்மெண்ட், பிரைவேட்னு சாதி இருக்கா சார்? ஒரு ஏழைப் பிள்ளைக்கு நாங்க வழி காட்டுறோம்" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் டீமோடு நர்ஸம்மா வருகிறார். எங்கள் டீமோடு நானும் என் விபூதி டப்பாவும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அடுத்த வருஷத்திலிருந்து பள்ளிக்கூடம் மாறிய பிள்ளை ஒரு வருஷம் ஆடக் கூடாது. முதலில் கை தூக்கியவர் கண்ணாடிக் கதவு கோச்தான். ஏன் தூக்கமாட்டார், மதிதான் ஏற்கெனவே அவர் வேனில் ஏறியாச்சே. தனிப் போட்டிப் பேச்சை மட்டும் எங்கள் டீம் கேப்டன் அபிராமியிடம் சொன்னேன். நெடுங்காட்டுப் பிள்ளை, வயலில் நாற்றுக்கட்டு தூக்கிய கை, பிடித்தால் விடமாட்டாள். அவளுக்கு வந்ததே கோபம்! "தனியா வச்சுட்டா அந்த மதிக் கழுதையை நாங்க எப்ப ஆயாம்மா பிடிக்கிறது?"

மாறி வந்த தோடு

அந்த வருஷம் ஃபைனல் எங்களுக்கும் அவர்களுக்கும்தான். ஜெயிக்கிற டீம் மாநிலப் போட்டிக்குப் புதுச்சேரி போகும். எங்கள் பிள்ளைகள் தோட்டையும் கொலுசையும் முடிந்துகொண்டிருந்தேன். வெள்ளை ஷூவும் சாக்ஸுமாக மதி மேட் விரிப்பைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். தோட்டைக் கழற்றி நீட்டினாள். அபிராமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வேட்டித் துணியில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

அவள் கோச் அங்கிருந்தே கத்தினார்: "ஏய் மதி, நம்ம மேடம் இருக்காங்கள்ல? அவங்க ஆப்போனண்ட் டீம் ஆயா!"  ஆறாவதிலிருந்து மூன்று வருஷம் அவள் தலையைப் பின்னிவிட்ட கை இது. மதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயாம்மா கீழ வைக்காது சார்."

யாருக்கு வேண்டுவது

வழக்கமாக எங்கள் பிள்ளை பாடிப் போனால், தொட்டுட்டு வரணும் தாயே என்பேன். எதிராளி வந்தால், பிடிபடணும் தாயே என்பேன். அன்றைக்கு மதி கோட்டைத் தாண்டி வரும்போதெல்லாம் வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. ரெண்டு பக்கத்துத் தோடும் என் மடியில் கிடக்கிறது, நான் யாருக்கென்று வேண்டுவேன்? "யாருக்கும் அடிபடாமப் பார்த்துக்க" என்று அம்மனிடம் விட்டுவிட்டேன்.

கடைசிப் பாட்டு வரை சமமாக வந்தது. மதி வந்தாள். அவள் எந்தக் கால் முன்னால் வைப்பாள், எப்போது மூச்சு வாங்குவாள் என்பதெல்லாம் அபிராமிக்கு மனப்பாடம். பாய்ந்து கணுக்காலைப் பிடித்தும்விட்டாள். எப்படியோ மதி உருவிக்கொண்டு நடுக்கோட்டில் போய் விழுந்தாள். அவ்வளவுதான், கோப்பை போச்சு, புதுச்சேரி போச்சு. அபிராமி என் முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். "கால் கைக்கு வந்துடுச்சு ஆயாம்மா. அந்தச் சாக்ஸுதான் வழுக்கிடுச்சு."

மொட்டைக் காது

கோப்பையோடு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மதி என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள். வேன் நிற்கவில்லை. தோடு என்னிடமே தங்கிவிட்டது. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்து, செல்வி வந்ததும் கொடுத்தேன்.

அதற்குள் கண்ணாடிக் கதவு வாசலில் பெரிய பேனர் வந்துவிட்டது. "எங்கள் பள்ளி உருவாக்கிய வீராங்கனை" என்று எழுதி, ஆள் உயரத்துக்கு மதி. உருவாக்கினார்களாம்! எங்கள் மைதானத்துக் கல் குத்திய தழும்பு இன்னும் அவள் முட்டியில் இருக்கிறது. செல்வியும் நானும் எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அவளுக்குக் கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர்தான். "எம் பிள்ளை அழகாத்தான் இருக்கு. காதைத்தான் மொட்டையா போட்டுட்டாங்கக்கா."

அனுப்பி வைத்தார்கள்

ஒன்பதாவது முடிந்து பத்தாவது தொடங்கும்போது செல்வியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்க வகுப்பு நேரத்தில் பிள்ளையைப் பயிற்சிக்கு இழுத்தவர்கள் அவர்கள். எங்கள் மைதானத்தில்தான் பயிற்சி, நான் கண்ணால் பார்த்தவள். புத்தகத்தைத் திறக்கவிட்டார்களா? இப்போது மார்க் குறைச்சல் என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கோப்பைக்கு வேண்டிய பிள்ளை பரீட்சைக்கு வேண்டாமாம்.

பாலும் முட்டையும் போட்டது நிஜம்தான். மாட்டுக்குக்கூடத் தீனி போட்டுத்தான் கறக்கிறார்கள். இப்படி எழுதுவதற்குத் தாயே மன்னிக்கணும். அந்தப் பள்ளி பிரின்சிபால் சொன்னதை செல்வி ஒரு எழுத்து மாறாமல் என்னிடம் சொன்னாள். "எங்க ஸ்கூல்ல பத்தாவதுல இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லைம்மா. மதி மாதிரி பிள்ளைங்களுக்கு கவர்மெண்ட் ஸ்கூல்தான் பொருத்தம்."

முதல் தண்டனை

மதி எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்தாள். முதல் நாள் வேப்பமரத்தடியில் தனியாக நின்றவளை அபிராமிதான் போய், "என்னடி நிக்கிற, கோடு யாரு போடுவா?" என்று இழுத்து வந்தாள். சாயங்காலம் தமிழ் டீச்சர் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறார். சின்னவள் அக்காவுக்கு விட்டுப்போன பழைய கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறாள். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

போட்டியன்று கண்ணாடிக் கதவு கோச் நடுவரிடம் போய் நின்றார். பள்ளிக்கூடம் மாறிய பிள்ளை ஒரு வருஷம் ஆடக் கூடாது, நாம் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே என்றார். எங்கள் சார் எழுந்து கேட்டதால் வந்த சட்டம், அவர் பிள்ளை மேலேயே முதலில் விழுந்தது. போன வருஷம் கோச் சீக்கிரமாகத் தூக்கிய கை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. "பிள்ளையை வெளியே தள்ளினது நீங்க, தண்டனை மட்டும் அதுக்கா?" என்று நான், ஆமாம் நானேதான், எல்லார் முன்னாலும் கேட்டேன். நடுவர் பட்டியலில் மதி பெயரை அடித்தார். கோச், "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதி அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அபிராமி மேட் மேல் ஏறுவதற்கு முன்னால் தோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள் மதியின் கை முந்திக்கொண்டது. "எங்கிட்டக் குடுடி. நான் கீழ வைக்கமாட்டேன்."

கோப்பைக்கு ஒரு பள்ளிக்கூடம், பரீட்சைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்ட ஊரில், தோட்டுக்காவது ஒரே மடி இருக்கட்டும் என்றுதான் அந்த வேட்டித் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.