வேலைக்கு ஏலாது என்று நான் எழுதிய சீட்டு

1. என் கையெழுத்து

நான் போட்ட ஒரு கையெழுத்தால் ஒரு மனிதன் தான் குடியிருந்த ஒற்றை அறையை, தன் லயக் காம்பராவை, இழக்கப் பார்த்தான். அந்த மனிதன் என் தாய்மாமன் சவரிமுத்து. ஆகவே இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான்தான். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கண்டியில் மருந்து கலக்கப் பழகிவிட்டு, தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சராகச் சேர்ந்திருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நான் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்தான். சப்பாத்தும் ஸ்டெதஸ்கோப்பும் வந்த பிறகு லயத்து நடைமுறை எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

மாமா இருபது வருடமாக ஃபெக்டரியில் சல்லடை அறையில் வேலை செய்தார். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடம் அது. அங்கே பறக்கிற தூள் முழுக்க ஆள்களின் மார்புக்குள்தான் போகும். நான் வந்து சேர்ந்தபோது மாமாவால் பத்தடி நடந்துவிட்டுப் பேச முடியவில்லை. சளியைக் கண்டிக்கு அனுப்பிப் பார்த்தோம். காசநோய்க் கிருமி இல்லை என்று எழுதி வந்தது. மார்பு கெட்டுப்போயிருக்கிறது, இனித் திருந்தாது, தூசியில் வைக்காதே என்றார் கண்டி ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர்.

நான் உடனே பேனாவை எடுத்து, இந்த ஆளுக்கு ஃபெக்டரி வேலை ஏலாது என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்பீசுக்கு அனுப்பினேன். மாமாவுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு. அன்றைக்கு இரண்டு பிளேட் சோறு சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் மாமா டிஸ்பென்சரிக்கு வந்தார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஆள்கள் நடுவில் என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அதுவும் இல்லை.

"என்னடா எழுதித் தொலைச்ச? பத்துச்சீட்டுத் தரப் போறாங்களாம். கப்பல்ல ஏத்தி அனுப்புறாங்களாம்."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தைவிட்டு வெளியேற்றும் கடுதாசி. செக்ரோல் என்கிற ஆள் பேர்ப் பதிவில் பேர் இருப்பவனுக்குத்தான் லயத்தில் காம்பரா. பேர் வெட்டினால் அடுப்புக் கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வேலைக்கு ஏலாது என்று டிஸ்பென்சரே எழுதிவிட்டால் பேர் வெட்ட அதைவிட வசதியான காரணம் எது? லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போனதே, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

2. ஒப்பீசில்

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை, கடுதாசியை மீறி எதையும் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். சீட்டைத் திருப்பிக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நீர்தானே எழுதினீர்? ஃபைலிலை போட்டாச்சு. நான் என்ன செய்யிறது? ஊருக்குப் போய் ஆறுதலா இருக்கட்டுமே."

எந்த ஊருக்கு? மாமா ஐந்து வயதில் தகப்பன் தோளில் வந்தவர். இந்தியாவில் அவருக்கு ஊர்ப் பெயர் ஒன்று உண்டு, ஆள் ஒருவரும் இல்லை. அத்தையைப் புதைத்தது இந்த மலையில். இந்த மூச்சை வைத்துக்கொண்டு கப்பல் ஏறினால் கரை சேர்வாரா என்பதே சந்தேகம். என் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொள்ளலாம் என்றால், உத்தியோகத்தர் வீட்டில் தொழிலாளி தங்கக் கூடாது என்று சட்டம். சட்டம் கிடக்கட்டும் என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன். மாமா வரவில்லை. தன் பேரில் இருக்கிற காம்பராவில்தான் படுப்பேன் என்றார்.

எனக்கு மண்டை சூடேறியது. நேரே பங்களாவுக்குப் போய், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய தொரையின் முன்னால் நின்றேன். தொரை தோட்டத் தமிழ் பேசுவார்.

"நீ எழுதிச்சு, ஏலாது. இப்ப நீ சொல்றது, ஏலும். எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல தொரை. தூசியில ஏலாது. தூசி இல்லாத எடத்துல ஏலும். நாத்துமேடையில விதை பொறுக்க ஆள் வேணுமே."

தேயிலை விதையைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மிதப்பது சொத்தை, ஆழ்வது நல்ல விதை. உட்கார்ந்தபடியே பிரிக்கலாம். தூசி என்ற பேச்சே கிடையாது. தொரை யோசித்தார். பிறகு, ஒரு மாதம் பார்ப்பதாகவும், ஆனால் எல்லாரையும்போல் கிழவனும் தினமும் பிரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்றும், ஒரு நாள் தவறினாலும் பத்துச்சீட்டு என்றும் சொன்னார். இனி இப்படி வந்து நின்றால் எனக்கும் ஒன்று எழுதுவாராம். எழுதுங்கள் என்றேன். அந்த வயதில் வாய்க்குப் பூட்டு இல்லை.

3. நூற்றுப் பத்துப் படி

பிரட்டு என்பது விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. எங்கள் பிரட்டுக்களம் ஃபெக்டரிக்குப் பக்கத்தில், மேலே. லயம் கீழே, ஆற்றோரம். நடுவில் நூற்றுப் பத்துக் கல் படி. எண்ணியவன் நான்.

மிக்சர் கொடுத்தேன், மார்புக்குத் தைலம் தேய்த்தேன். எல்லாவற்றையும்விட உதவியது மாமாவே கண்டுபிடித்த வழி. சுடச்சுட இருக்கும் தேத்தண்ணியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, மெதுவாக மூச்சை வெளியே விடுவார். ஓர் ஊதல், ஒரு படி. பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்பார். எந்தப் புத்தகத்தில் பார்த்துச் செய்கிறார் என்று கேட்டேன். ஒன்றுக்கும் உதவாத டிஸ்பென்சரைப் பார்த்துப் பழகினது என்றார்.

இருபத்திரண்டு நாள் ஒழுங்காகப் போனது. லயத்தில் அடுத்த காம்பராக்காரி பாக்கியம், கொழுந்து பறிப்பவள், வெந்நீர் வைத்துக் கொடுத்து அவரை எழுப்பிவிடுவாள். இருபத்து மூன்றாம் நாள் பனி இறங்கி மலையையே மூடிவிட்டது. குளிர் என்றால் மாமாவின் மார்பு பூட்டிக்கொள்ளும். பிரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளம் அடித்தபோது அவர் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்துத் தொரையும் களத்துக்கு வந்திருந்தார். கணக்கப்பிள்ளை பேர்களைக் கூப்பிட்டு முடித்து, சவரிமுத்து என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, செக்ரோலை மூடப் போனார். அப்போது பாக்கியம் தன் கொழுந்துக் கூடையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அவரு படியில வந்துகிட்டு இருக்காரு. வந்த பொறவு மூடுங்க."

அவளைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள். பிறகு அந்தக் கேங்கில் இருந்த அத்தனை பெண்களும் கூடையைக் கழற்றிவிட்டார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. கொழுந்து பறிக்க மலைக்கும் போகவில்லை.

நான் படியில் ஓடி இறங்கி மாமாவின் கக்கத்தில் கை கொடுத்தேன். தட்டிவிட்டார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"கையை எடுறா. நீ தூக்கிக்கிட்டுப் போனா... பொணம்னு எழுதிப்புடுவான்."

ஏறினார். அவர் பின்னால் நானும் ஒவ்வொரு படியாக ஏறினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. போதும் மாமா, பேர் போனால் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டார். களத்துக்கு வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றார். கணக்கப்பிள்ளை தொரையின் முகத்தைப் பார்த்தார். தொரை பெண்களையும் தரையில் கிடந்த கூடைகளையும் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"சவரிமுத்து."

பேர் கூப்பிட்டால் வாயால் பதில் சொல்ல வேண்டும். மாமாவிடம் அதற்கு மூச்சு இல்லை. உதட்டைக் குவித்து ஊதினார். இன்னொரு தரம் ஊதினார். இருநூறு பேர் காத்து நின்றோம்.

"இருக்கேன்" என்றார்.

செக்ரோலில் பேர் விழுந்தது. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். மாதம் முடிந்தபோது தொரை ஒன்றும் கேட்கவில்லை.

4. பிறகு

அதன் பின் முப்பது வருடம் பல தோட்டங்களில் மருந்து கலக்கினேன். வேலைக்கு ஏலாது என்று வெறுமனே ஒரு சீட்டும் எழுதியதில்லை. எந்த வேலை ஏலாது, எந்த வேலை ஏலும் என்று இரண்டையும் எழுதுவேன். எழுதும் முன்னால், இந்த ஆள் நாளைக்கு எங்கே படுப்பான் என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். கிளாக்கர்மார் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளும் அந்தத் திமிரோடு வரட்டும்.

மாமா நாற்றுமேடையில் இன்னும் நாலு வருடம் விதை பிரித்தார். ஒரு மாரிக்காலத்தில், தன் காம்பராவில், தன் பாயில் செத்துப்போனார். செக்ரோலில் அவர் பேரை வெட்டியது சாவு. தொரை இல்லை, கிளாக்கர் இல்லை, நானும் இல்லை.