கண்ணாடிக் கூட்டில் நின்ற தண்ணீர்

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த மாதம். ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில் எனக்குக் காலை வேலை. அங்கே ஒரு கண்ணாடிக் கூட்டின் வழியே எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் ஓடும். கூட்டுக்குள் இருக்கும் கம்பிகள் குளோரின் அளவை முள்ளில் காட்டும்.

அன்று முள் இறங்கியது. குளோரினைக் கூட்டினேன். மேலும் இறங்கியது, மேலும் கூட்டினேன்.

என்னை மாற்ற அடுத்த வேலைக்கு வந்த முத்தையா மூக்கைப் பொத்தினார். "என்னண்ணே, இப்படி எரியுது? கூட்டுலேருந்து தண்ணியே வெளிய வரலியே!"

துரு அடைத்து, பழைய தண்ணீர் உள்ளேயே நின்றிருந்தது. நின்ற தண்ணீரில் குளோரின் தானாகக் குறைய முள் இறங்கியிருக்கிறது; நானோ ஊருக்குப் போகும் தண்ணீரில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். முத்தையா குளோரின் வால்வை மூடினார். ஆனால் போன தண்ணீர் போனதுதான். காஜா பெராங் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கும் அதே குழாய். குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் வேறு.

சைக்கிளை மிதித்தேன். வாசலிலேயே குழந்தை வீறிடுவது கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"இன்னும் குளிப்பாட்டலைங்க, அதான் அழுவுறான்," என்றாள் மனைவி. "தண்ணி கண்ணைக் கரிச்சுது, கீழ ஊத்திட்டேன். யாருங்க இப்படி மருந்தைக் கொட்டுறது?"

நான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கூட்டின் வெளிக்குழாய்க்குக் கீழே முதலில் கையை நீட்டுகிறேன். கை நனைந்த பிறகுதான் முள்ளைப் பார்க்கிறேன். அன்று அவள் கேட்ட அந்த 'யாருங்க'வுக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன்.