கழுவக் கூடாத மண்

களிமண் சோதிக்கிறவனுக்கு மண் கையில் மட்டும்தான் ஒட்டும் என்று நினைப்பவர்கள் இந்த வேலையைப் பார்த்ததில்லை. மேலதிகாரியோடும் தற்காலிக நியமனத்தோடும் மல்லுக்கட்டிய என் சக பாவிகளே, எழுபதுகளின் கடைசியில் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் நான் பட்டதைக் கேளுங்கள்.

என்ன உத்தியோகம்?

இரும்புக் குவளையில் களிமண்ணை இடித்து இறுக்கி, மேலே நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயைப் பொருத்துவோம். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினமும் மூன்று வேளை நான் குறிக்க வேண்டும். நல்ல களிமண்ணில் நாள்கணக்காக இறங்காது. இறங்காவிட்டால் குழாய் அடைத்துக்கொண்டதோ என்று பயம். இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறதோ என்று பயம்.

இந்தச் சோதனை முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் மாமா ஒருநாள் சோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டார். குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி எறங்காத நாளைக்கும் சம்பளம் உண்டுங்களா?"

குளிர் அறை

அளவுகளை மெட்ராஸுக்கு நானே எடுத்துப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள்ளே போனால் பீரோ பீரோவாகக் கம்ப்யூட்டர். அதை இயக்கிய அம்மாள் என் எண்களை அட்டைகளில் ஓட்டை போட வைத்து அதற்கு ஊட்டினார். அணு உலைக் கழிவைப் பூமிக்கு அடியில் புதைத்து, சுற்றிலும் களிமண்ணை அடைத்தால், ஊற்றுநீர் அதைத் தாண்ட எத்தனை காலம் ஆகும் என்பதுதான் கணக்காம். எத்தனையோ தலைமுறை என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. என் எண்ணில் தப்பிருந்தால் மெஷின் கண்டுபிடித்துவிடுமா என்று கேட்டேன். "இது மண்ணைப் பார்த்ததே இல்லை சார். நீங்க எழுதிக் குடுக்கறதைத்தான் நம்பும்."

சுத்தம்

நம் மண் பிரமாதம் என்று மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் எனக்கு நிரந்தர உத்தரவு டைப் ஆகிறது என்றார். அன்று மண் கரைக்கும் அஞ்சலை அக்கா லீவு. அதே மண்ணில் அடுத்து வந்த மூட்டையை நானே பிரித்தேன். கை வைத்தால் நறநறவென்று மணல்! நாங்கள் சோதித்ததோ வெண்ணெய் மாதிரி இருந்த மண். வெட்டியது வெட்டியபடியே சோதிக்க வேண்டும் என்பது உத்தரவு. புதைக்கும்போது அப்படியேதான் அடைக்கப்போகிறார்கள்; மணல் கலந்திருந்தால் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிடும்.

மறுநாள் அக்காவைக் கேட்டேன். வந்த மூட்டையெல்லாம் கரைத்து, சலித்து, தெளிய வைத்து, காயவைத்துத் தந்திருக்கிறார். பேட்டையில் எல்லா மண்ணுக்கும் அதுதான் வழக்கம். இது வேறு மண் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. அக்கா பெருமையாகச் சொன்னார்: "கல்லும் மணலுமாவா குடுப்பாங்க தம்பி? நாலு தண்ணி விட்டு அலசித்தான் வெச்சேன்."

சோறு இறங்காத இரண்டு நாள்

என்றோ ஒருநாள் யாரோ கிணறு வெட்டுவார்கள், அந்தத் தண்ணீரை ஒரு குழந்தை குடிக்கும் என்பதே கண்ணில் நின்றது. சொன்னால் வேலை போகும். வேலை போனால் கல்யாணமும் போகும். பொறுக்க முடியாமல் மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அது ஒழுவுறப்ப நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். போயி வேலயப் பாரு."

ட்ரங்க் கால்

தபால் ஆபீசில் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தேன். லைன் கிடைத்ததும் அந்த அம்மாளிடம், "நான் குடுத்தது கழுவின மண்ணுங்க! கணக்கு தப்புங்க!" என்று கத்தினேன். மணியார்டர் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுமுனையில் ஒரே கரகர இரைச்சல். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போயிருந்தாலும் நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்த எனக்கு அவருடைய மெல்லிய குரல்தான் கேட்டது: "மறுபடி முதல்லேருந்து அளந்து அனுப்புங்க. எத்தனையோ ஊர்லேருந்து மண்ணு வந்திருக்கு, தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க என்ன பண்ணினாங்கன்னு நான் யார்கிட்ட கேக்கறது?"

வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருஷம் ஆனது. கவலை மட்டும் அன்றைக்கே நிரந்தரமாகிவிட்டது.