அரிக்குதா?

அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவும் நானும் இருந்தோம். நைனா இல்லை. என் வியாதியைக் குணப்படுத்துவதாகச் சொன்ன வைத்தியருக்கு முன்பணம் கொடுக்க, பசுவை ஓட்டிக்கொண்டு அவலூர்பேட்டை சந்தைக்குப் போயிருந்தார். இன்று செஞ்சிக் கடைத்தெருவில் தார் காய்ச்சுகிற வாடை வந்ததும் என் முழங்கை மடிப்பு தானாக ஊறத் தொடங்கியது.

அப்போது எனக்கு எட்டு வயது. முழங்கை மடிப்புகளில் தோல் தடித்து, வெடித்து, நீர் கசிந்தது. "பெருவியாதிடி இது, குஷ்டம், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதிலிருந்து என் தட்டும் பாயும் தனியாகிவிட்டன. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். "அரிக்குதுன்னு மட்டும் சொல்லிடாதடா. பெருவியாதிக்காரங்களோட போட்டுருவாங்க."

டாக்டர் தடிப்பைப் பார்த்தார். "அரிக்குதா?"

"இல்லீங்க."

அவர் முகம் மாறியது. என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். "ஏதாவது தெரியுதா?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். ஆனால் என் விரல்கள் அடங்கவில்லை, பறபறவென்று சொறிந்துவிட்டன.

டாக்டர் சிரித்துவிட்டார். "பெருவியாதின்னா அந்த எடம் மரத்துப் போயிருக்கும்மா. இது வெறும் கரப்பான், யாருக்கும் ஒட்டாது. சீயக்காய் போட்டுத் தேய்க்காதே. குளிச்சதும் தேங்காய் எண்ணெய் தடவு, நகத்த வெட்டு. வரும், போகும். பள்ளிக்கூடம் போகட்டும்."

தார் வாடையடித்த களிம்பை இலவசமாகவே கொடுத்தார்கள். நாங்கள் ஓட்டமும் நடையுமாக வீடு வந்தபோது, சந்தைப் பணத்தை வைத்தியரிடம் கொடுத்துவிட்டு, நைனா வெறும் கயிற்றோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். கரப்பானுக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, ஒரு கறவைப் பசு.