ஒழுகாத காரின் கறை

மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும், வீட்டு முன்பக்கத் தரையைப் பெயர்த்துப் போட்டுப் புது சிமெண்டு பூசச் சொன்னோம். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்களுடையது வரிசை வீடு. இரும்புக் கேட்டுக்கும் வாசற்கதவுக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம். அதைத்தான் போர்ச் என்போம். பழைய தரை வெடிப்பு விட்டுக் கிடந்தது. சம்பந்தி வீட்டார் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி வருகிறார்கள், அவர்கள் முதலில் கால் வைக்கப்போவது அங்கேதான் என்றாள் என் மனைவி. மறுக்க முடியவில்லை.

சிமெண்டு காயும்வரை எங்கள் காரைத் தெருவில் நிறுத்தினேன். காய்ந்த பிறகும் உள்ளே விட மனம் வரவில்லை. வெளிர்ச் சாம்பல் நிறத்தில், ஒரு புள்ளிகூட இல்லாமல், இட்லித் தட்டில் ஊற்றிய மாவுபோல் அத்தனை சமமாக இருந்தது. காலையில் கேட்டைத் திறக்கப் போகும்போதுகூட ஓரமாகவே நடந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் ஒரு தரையைப் பார்த்து இப்படி உருகக் கூடாதுதான்.

அந்த நேரத்தில்தான் என் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். சுங்கை பாக்காப்பில் இருப்பவர். வீடு, நிலம் விற்றுக் கொடுக்கும் தரகு வேலை. அவரிடம் ஒரு ஜெர்மன் கார் இருந்தது. அவருக்கு முன்னால் யார் யாரோ ஓட்டிக் களைத்த கார். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசும்போது, தொழிற்சாலைக்காரனே சாவியை அவர் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியதுபோல் இருக்கும். "கதவு சாத்துற சத்தத்தக் கேளுங்க மாப்ளே. லோக்கல் காடில இந்தச் சத்தம் வருமா?" என்று திறந்து சாத்துவார், மறுபடி திறந்து சாத்துவார். நாம் தலையாட்டும்வரை விடமாட்டார்.

நிச்சயதார்த்த ஏற்பாடுகளைப் பேச வந்தவர், காலியாகக் கிடந்த போர்ச்சைப் பார்த்தார்.

"காடி வெயில்ல நின்னா பெயிண்டு போயிரும் மாப்ளே. உள்ள போட்டுர்றேன்."

"புது சிமெண்டு மச்சான்."

"புதுசுன்னா? காடியத் தாங்காத சிமெண்டா போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கேட்டையே திறந்துவிட்டாள். "உள்ளயே போடுங்கண்ணே."

இரண்டு நாள் தங்கினார். பந்தல்காரனிலிருந்து பாயசம்வரை எல்லாவற்றிலும் தீர்ப்புச் சொன்னார். ஞாயிறு மாலை அவர் கார் பின்வாங்கிப் போனதும், அது நின்ற இடத்தில் தோசை அளவுக்கு ஒரு கறுப்பு. நடுவில் இன்னும் ஈரம் பளபளத்தது. ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். ஊர்ப் பெயருக்கு என் வீட்டு வாசலிலேயே பொழிப்புரை எழுதிவிட்டுப் போயிருந்தார்.

என் மனைவி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "இது முன்னாடியே இருந்துச்சா?" என்றாள்.

"உங்கண்ணன் காடி ஒழுகுது."

"ஜெர்மன் காடிங்க அது."

"ஜெர்மன் எண்ணெயும் கறுப்பாத்தான் இருக்கும்."

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "ஏர்கான் தண்ணியா இருக்கும் லா."

"கறுப்பா இருக்குண்ணே."

"அந்தப் பக்கம் காத்துல தூசி ஜாஸ்தி," என்றார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி எட்டிப் பார்த்தார். "அலாமாக்! மின்யாக் ஈத்தாம்!" எஞ்சின் எண்ணெயை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். உள்ளே போய், தன் பூனைக்கு வாங்கி வைத்திருந்த மணலைக் கொண்டுவந்து கறையின்மேல் கொட்டி, செருப்புக் காலால் மிதித்து அரைத்தார். நாளைக்குக் கூட்டி எடு என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கூட்டி எடுத்தபோது ஈரம் முழுக்க மணலில் ஏறியிருந்தது. கறை பாதி வெளுத்திருந்தது. அன்றே சலவைத் தூளைப் போட்டு, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரை ஊற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் எங்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. மனைவி கறையைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள். யாருடைய கார் என்று மட்டும் எழுதவில்லை. யோசனைகள் கொட்டின. கோலா ஊற்று என்றார் ஒருவர். ஊற்றினோம். சாயங்காலம் பினாங்குத் தீவின் எறும்புகள் எல்லாம் எங்கள் வாசலுக்கு ஊர்வலம் வந்தன. குத்துவிளக்கு துலக்குகிற புளி தரைக்கு ஆகாதா என்று மனைவியின் சித்தி கேட்டார். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். தரையில் ரச வாசனை வந்தது. கறை அசையவில்லை. பல் விளக்கும் பேஸ்ட்டைச் சொன்னவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் மச்சான் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்த வாரமே நேரில் வந்துவிட்டார், கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு. இந்த முறை காரைத் தெருவோரம் நிறுத்தினார். தரை ஈரமாக இருந்ததுதான் காரணமாம்.

"எண்ணெய எண்ணெயாலதான் எடுக்கணும் மாப்ளே. இது சயன்ஸ்," என்று சொல்லி ஊற்றினார்.

மண்ணெண்ணெய் அந்தக் கறுப்பை இளக்கி, கையைப் பிடித்து நாலு பக்கமும் அழைத்துப் போனது. தோசை, வாழையிலை ஆனது. வீடு முழுக்க நாற்றம். தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்த மகள், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, நிச்சயதார்த்தம் எனக்கா, சிமெண்டுக்கா?"

"உங்க மாமாவக் கேளு."

மாமா அதற்குள் சாமான் கடைக்குப் போய் ஆசிட் வாங்கி வந்திருந்தார். வேண்டாம் என்றேன். ஆசிட் எண்ணெயைத் தொடாது, சிமெண்டைத்தான் தின்னும் என்று எங்கோ படித்திருந்தேன். அதையும் சொன்னேன். "படிச்சது வேற, அனுபவம் வேற," என்றார். ஊற்றியதும் தரை சீறியது, நுரைத்தது, புகைந்தது. எல்லோரும் இருமினோம். அவர் மட்டும் இருமலுக்கு நடுவே சிரித்தார். "பாத்தீங்களா, வேலை செய்யுது!"

வேலை செய்யத்தான் செய்தது. தண்ணீர் விட்டுக் கழுவியதும், கறுப்பைச் சுற்றியிருந்த நல்ல சிமெண்டெல்லாம் அரித்து, வெள்ளை வெளேரென்று மணல் தெரிந்தது. நடுவில் கறுப்பு பத்திரமாக இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால், யாரோ தரையில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் முறைப்பதுபோல் இருந்தது.

மச்சான் இடுப்பில் கைவைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கறுப்பு இருக்கு. ஆனா இப்ப சுத்தமான கறுப்பு," என்றார்.

அவர் கிளம்பியபோது வழியனுப்பப் போனேன். கார் நகர்ந்த இடத்தில், தெருவோரத்திலும் அதே கறுப்பு வட்டம். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"ரோடுன்னா கறுப்பாத்தான் இருக்கும் மாப்ளே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை என் மனைவி முட்டி போட்டு உட்கார்ந்து, சலவைத் தூளைப் போட்டுத் தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மச்சானைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் தொண்டைவரை வந்திருந்தன.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் தலை நிமிராமல். "எனக்கும் கண்ணு இருக்கு. எங்கப்பா செத்ததும் அவருதான் நின்னு என்னைக் கட்டிக் குடுத்தாரு. அவரு மனசு நோகக் கூடாது."

அது உண்மை. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியத்தின் பயனாளி நானாகவே இருக்கும்போது, நான் என்ன பேச முடியும்? தேய்த்தேன். அவர் இவளைக் கட்டிக் கொடுத்த பிறகு, எங்கள் வீட்டுச் சோபா எந்தச் சுவரோரம் இருக்க வேண்டும் என்பது உட்பட எல்லாவற்றையும் அவரே தீர்மானித்து வருகிறார் என்பதையும் சேர்த்தே தேய்த்தேன்.

நிச்சயதார்த்த நாள் வந்தபோது கறுப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. வெள்ளை வளையம் அப்படியே இருந்தது. பந்தல் போட்டதும், பன்னீர்ச் செம்பும் சந்தனமும் கற்கண்டும் வைக்கிற மேசையைச் சரியாக அந்தக் கண்ணின்மேல் போட்டு, தரைவரை தொங்குகிற பட்டுத் துணியை விரித்தாள் மனைவி. பார்க்க அழகாகவே இருந்தது. என் மச்சான் பட்டு வேட்டியில், பந்தலின் நடுவே, பெண்ணின் அப்பா அவர்தான் என்று யாரும் நினைத்துக்கொள்ளும் தோரணையில் நின்றார்.

சம்பந்தி வீட்டார் வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். நிறையத் தட்டுகள், எல்லாம் அகலமான தட்டுகள். கேட்டுக்கும் மேசைக்கும் நடுவே நெரிசல். மாப்பிள்ளையின் சித்தப்பா, உதவி செய்யும் நல்லெண்ணத்தில், "இத கொஞ்சம் நகத்திக்கலாமே," என்று மேசையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டார்.

சம்பந்தியம்மாள் அந்தக் கண்ணின்மேல் காலை வைக்கப் போய், சட்டென்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "ஐயோ, இங்க என்ன ஊத்திக் கெடக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் சொல்லாமல் விட்டிருந்தால் மறந்திருப்பார். ஆனால் ஒரு கேள்வி காற்றில் நிற்கும்போது என் மச்சானால் சும்மா இருக்க முடியாது.

"அது ஒண்ணுமில்லம்மா," என்று என்னைக் காட்டிச் சிரித்தார். "மாப்ளயோட காடி. லோக்கல் காடிதானே, ரொம்ப நாளா ஒழுகுது. மாத்துங்க மாத்துங்கன்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். யாரு கேக்குறா?"

பதினைந்து இருபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக் காரையே ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவன் பெண்ணை எப்படி வளர்த்திருப்பான் என்ற யோசனை ஒரு கிழவரின் முகத்தில் தெரிந்தது. நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்ல வாய்ப்பே வரவில்லை.

"அண்ணே," என்றாள் என் மனைவி. கையில் ஆரத்தித் தட்டு இருந்தது. குரல் ஏறவில்லை. "போதும்ண்ணே. இந்த சிமெண்டு போட்டதிலேருந்து அவரு காடி கேட்டுக்குள்ளயே வரல. ஒழுகுனது உங்க காடி. மண்ணெண்ண ஊத்துனது நீங்க. ஆசிட் ஊத்துனதும் நீங்க. இத்தன பேரு முன்னால என் வீட்டுக்காரரு மேல ஏத்தாதீங்க."

என் மச்சான் பந்தலின் நடுவிலிருந்து இரண்டடி பின்வாங்கி ஓரமாக நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் மனைவியின் கையில் இருந்த தட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் தளும்பி அவள் புடவையில் சிந்தியது. அதைப் பார்த்ததும் என் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். "எங்க வீட்டுலயும் இது மாதிரி ஒண்ணு இருக்கு. என் தம்பி காடி. அவனும் இல்லன்னுதான் சொல்றான்," என்றார். மேசையை நகர்த்திய சித்தப்பா எதற்கோ பந்தல் துணியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தட்டுகள் உள்ளே போயின. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நல்லபடியாக நிச்சயம் ஆனது.

மச்சான் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு போன் இல்லை. என் மனைவி வேலைகளுக்கு நடுவே கைப்பேசியை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். விடுமுறை நாட்களில் இருவரும் கறையோடு மல்லுக்கட்டினோம். பூனை மணலை இடித்துப் பொடியாக்கி, சலவைத் தூளும் வெந்நீரும் சேர்த்துக் களிபோல் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் உறையால் மூடி வைப்போம். காய்ந்ததும் சுரண்டி எடுத்தால் களி கறுத்திருக்கும், தரை கொஞ்சம் வெளுத்திருக்கும். பல தடவைக்குப் பிறகு கறுப்பு போய், மேகத்தின் நிழல்போல் ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது. ஆசிட் தின்ற வெள்ளைக்கு மருந்தே இல்லை. எண்ணெய் செய்த கெடுதலைவிட வைத்தியம் செய்த கெடுதல்தான் நிலைத்தது.

ஒரு மத்தியானம் போன் வந்தது. மனைவி பதறி எடுத்தாள்.

"நாந்தான். காடிய வொர்க்‌ஷாப்புல விட்டேன். எஞ்சின் ஆயில் சீல் போயிருச்சாம்," என்றார் மச்சான்.

"அப்படியாண்ணே?"

"இன்னைக்குக் காலைலதான் போச்சாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி என்னை அடக்கினாள்.

"ஆமாண்ணே. இன்னைக்குத்தான் போயிருக்கும்," என்றாள். பிறகு இருவரும் கல்யாண மண்டபத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அவள் சிரிக்கிற சத்தம் சமையலறைவரை கேட்டது.

அடுத்த வாரமே வந்தார். புது சீல் போட்ட கார். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, ஹார்ன் அடித்து என்னை அழைத்தார். பின்பெட்டியிலிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத விரிங்க மாப்ளே, அதுமேல நிறுத்துறேன். என் காடிக்கு ஒண்ணுமில்ல. உங்க சிமெண்டுதான் கொஞ்சம் சென்சிட்டிவ் லா."

அட்டையை விரித்தேன்.